உடைக்க வந்த கப்பலில் என் மச்சான்

தைவானுக்குப் போகிறவர்கள் வியாபாரத்துக்குப் போவார்கள், இல்லாவிட்டால் மலிவாக ரேடியோ வாங்கப் போவார்கள். நான் மனைவியின் தம்பியை எடுத்துவரப் போனேன். ரேடியோ என்றால் பெட்டியில் போட்டுத் தந்திருப்பார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஊருக்கு எழுதும்போது ‘ஆஸ்பத்திரியில் வேலை’ என்று மட்டும் எழுதுவேன். அதைப் படித்துவிட்டு அவர்கள் என்னை டொக்டர் என்று நினைத்தால் அது என் பிழையல்ல. என் மனைவி கமலா திருகோணமலைக்காரி, நானும் அந்த ஊர்தான். அவளுடைய ஒரே தம்பி வசந்தனுக்குக் கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றில் எண்ணெய் துடைக்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் துடைக்கிற வேலைதான் வாய்த்திருக்கிறது.

ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து வசந்தன் போன் எடுத்தான்.

“அத்தான், கப்பலை வித்திட்டாங்கள். தைவானில கொண்டுபோய் உடைக்கப் போறாங்களாம். எங்களை அங்க இறக்கி நேரா அவரவர் ஊருக்கு ஏத்தி விடுவாங்களாம். எனக்குக் கொழும்பு…”

அத்துடன் லைன் அறுந்துவிட்டது. கமலா என்னிடமிருந்து ரிசீவரைப் பறித்து, கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கொழும்பு விமான நிலையம் கட்டுநாயக்காவில் வந்திறங்கும் திருகோணமலைப் பெடியனுக்கு அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருப் பெடியன்கள் இரண்டு பேர் விமானத்தை விட்டு இறங்கினார்கள். வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அடுத்த கிழமையே நல்ல செய்தி வந்தது. அதுதான் எங்களை நித்திரை கொள்ள விடாமல் செய்தது. தம்பியைக் கனடாவுக்கு எடுக்கக் கமலா போட்டிருந்த ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது. அவன் பாஸ்போட்டுடன் ஹொங்கொங்கில் உள்ள கனேடிய அலுவலகத்துக்கு நேரில் போனால் விசா குத்துவார்கள். தைவானிலிருந்து கொழும்புக்குப் போகிறவன் ஹொங்கொங்கில் விமானம் மாறித்தான் போகவேண்டும். அங்கே வெளியே வந்தால் கனடா, வராவிட்டால் கட்டுநாயக்கா. ஆனால் இந்தச் சங்கதி எதுவும் நடுக்கடலில் நிற்கிற வசந்தனுக்குத் தெரியாது. பாஸ்போட்டோ கப்டனின் பெட்டிக்குள்.

கப்பலைப் பொறுப்பெடுக்கும் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். எடுத்தவன் எல்லாவற்றுக்கும் “நோ ப்ரொப்ளம்” என்றான்.

“ஒருக்கா நோ ப்ரொப்ளம் எண்டால் நம்பலாம்,” என்றாள் கமலா. “மூண்டு தரம் சொல்லுறவனை நம்பேலாது. நீங்கள் போங்கோ.”

“நானோ?”

“வேற ஆர்? சும்மா வாயைக் குடுத்து அலுவல் பாக்கிற ஆள் இந்த வீட்டில நீங்கள் ஒராள்தான்.”

கலியாணம் கட்டி ஒன்பது வருஷத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. போன வருஷம்தான் எனக்குக் கனேடியப் பாஸ்போட் கிடைத்திருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனேன்.

*

மொன்றியல் குளிர் ஆளைக் கடிக்கும். கப்பல் உடைக்கிற தைவான் துறைமுகம் காவோசியுங்கின் வெக்கை ஆளை நக்கும். விமானத்தை விட்டு இறங்கி வெளியே வருவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காற்றில் எரிந்த இரும்பு மணம், அதற்குமேல் உள்ளி பொரிக்கிற மணம், அதற்குமேல் ஊதுபத்தி. மூன்றும் சேர்ந்தால் ஒரு நகரம்.

‘திருகோணமலை உலகத்தின் அருமையான இயற்கைத் துறைமுகம்’ என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவன் நான். எங்களிடம் துறைமுகம் இருந்தது, கப்பல்தான் குறைவு. இங்கே கப்பல் நிற்க இடமில்லாமல் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றது. உடைக்கிற யார்டுப் பக்கம் போனால் பாதி வெட்டின கேக் மாதிரி ஒரு கப்பல். உள்ளே அடுக்கடுக்காக அறைகள் தெரிந்தன. ஓர் அறைச் சுவரில் கலண்டர் இன்னமும் தொங்கியது. யாருடைய நாளையோ எண்ணிக்கொண்டிருந்த கலண்டர்.

ஏஜென்சியில் என் ‘நோ ப்ரொப்ளம்’ ஆளைக் கண்டுபிடித்தேன். பெயர் லின். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று பயந்துவிட்டேன். பார்த்தால் பாக்கு. பச்சைப் பாக்கைக் கீறிச் சுண்ணாம்பு தடவி வெற்றிலையில் சுற்றி ஒன்றை என்னிடமும் நீட்டினார். மொன்றியல் முழுக்கத் தேடியும் கிடைக்காத சாமான்! வாயில் போட்டுக் குதப்பினேன். லின் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெளிநாட்டுக்காரன் துப்புவான், இருமுவான், அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று இருந்திருக்கிறார். நான் குப்பைக் கூடையைக் குறிபார்த்துத் துப்பினேன், தவறவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் சிநேகிதர்.

சிநேகிதமானதும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“போனில் ப்ரொப்ளம் இல்லை. நேரில்தான் ப்ரொப்ளம்,” என்றார். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே அளவு ஓட்டை என்பதால் நன்றாக விளங்கியது. “கப்பலை யார்டுக்குள் இழுப்போம். ஆட்கள் இறங்குவார்கள். கப்டன் பாஸ்போட்டுகளை என்னிடம் தருவார், நான் விமானக் கொம்பனியிடம் கொடுப்பேன், அவர்கள் ஊரில் இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். பஸ், விமானம், ஊர். நடுவில் ஒருவன் குறைந்தால் என் கழுத்து போகும்.”

“ஹொங்கொங்கில அவனுக்கு விசா ரெடி.”

“நல்லது. ஊருக்குப் போய் அங்கிருந்து வந்து எடுக்கட்டும்.”

“ஊருக்குப் போனால் வரமாட்டான்.”

“ஏன், ஊரில் அவ்வளவு பிடிப்போ?” என்றார் லின். பகிடியில்லை, உண்மையாகவே கேட்டார். அதற்குப் பதில் சொல்லச் சட்டி கழுவுகிறவனிடம் இல்லாத இங்கிலீசு வேண்டும்.

“கப்பல் எப்ப உள்ளே வரும்?”

லின் தோளைக் குலுக்கினார். “இது பேய் மாதம். யார்டு முதலாளி வூ நாள் பார்க்கிறார்.”

அங்கே ஏழாவது மாதம் முழுக்கப் பேய்களுக்கு விடுமுறையாம். பேயுலகத்து வாசலைத் திறந்துவிடுவார்களாம். ஊரெல்லாம் சுற்றிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புமாம். அந்த மாதத்தில் வீடு மாற மாட்டார்கள், கலியாணம் செய்ய மாட்டார்கள், கடலில் குளிக்க மாட்டார்கள். கப்பல் உடைக்கத் தொடங்குவதென்றால் பெரிய படையல் போட்டு அனுமதி கேட்க வேண்டும். ராகுகாலம் பார்த்தே வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் ஒன்றரை மணித்தியாலம்; இங்கே ஒரு மாதம், அவ்வளவுதான்.

*

யார்டுக்குக் கிட்டவே சென் அம்மா என்கிற மனுசியின் நூடில்ஸ் கடை. மேலே ஓர் அறை வாடகைக்கு. நான் போன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் நான் சைவம். மீனைக் காட்டினாள், தலையாட்டினேன். கோழியைக் காட்டினாள், அதற்கும் மாட்டேன். பன்றி, வாத்து, கணவாய், எல்லாவற்றுக்கும் கை விரித்தேன். திடீரென்று மனுசி கைகூப்பிக் கும்பிட்டாள். அந்த ஊரில் இப்படி ஒன்றும் தொடாதவன் பிக்குவாகத்தான் இருப்பானாம். அன்றைக்கு வத்தாளங்கிழங்கு இலை வதக்கி, சோயாத் தோபு வைத்து, ஒரு மகானுக்குப் போட்ட மாதிரிச் சோறு போட்டாள். சனிக்கிழமை காலையில் மகான் இறங்கி வந்து மீன்தலை இரண்டு கேட்டது. சென் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் துறவறத்தை விட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

காத்திருக்கிறவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். எனக்கு நன்றாக இறங்கியது. நித்திரைதான் வரவில்லை. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம், கைக்கெட்டாது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வூ நாள் பார்த்துவிட்டால்? ரோட்டில் பஸ் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் கோப்பையை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். மீன் வண்டியாக இருக்கும்.

பொறுக்க முடியாமல் ஃபெரி ஏறி எதிர்ப்பக்கத் தீவுக்குப் போனேன். சிஜின் என்று பெயர். ஃபெரியில் மனிதரைவிட மோட்டர்சைக்கிள் அதிகம், மோட்டர்சைக்கிளைவிட வாத்து அதிகம். ஒரு வாத்துக் கூடைக்கும் ஒரு கிழவரின் முழங்காலுக்கும் நடுவில் நின்று போய்ச் சேர்ந்தேன். என்னோடு சட்டி கழுவும் கியுபெக் மனுசன் ஒருத்தன் ஹொக்கி பார்க்கிற தூரக்கண்ணாடியை இரவல் தந்திருந்தான். கடற்கரையில் நின்று அதைக் கண்ணில் வைத்தேன்.

ஒரு கப்பல், இன்னொரு கப்பல், துருப்பிடித்த கறுப்புக் கப்பல். அதன் பின்பக்கக் கம்பியில் ஏதோ ஆடியது. கண்ணாடியைத் திருகினேன். நீலக்கட்டம் போட்ட சாரம், எங்கள் ஊர் ஆம்பிளைகள் உடுக்கிற லுங்கி.

கிரேக்கக் கப்பலில் சாரம் காய்கிறது! கண்ணாடிக்குள் கப்பல் துள்ளியது, சாரம் துள்ளியது. கமலா போன வருஷம் பார்சலில் அனுப்பின சாரம் மாதிரியே இருந்தது. நான் என்ன செய்தேன்? புத்தியுள்ளவன் செய்ய மாட்டாததைச் செய்தேன். “வசந்தா! டேய் வசந்தா!” என்று கடலைப் பார்த்துக் கத்தினேன். மைல் கணக்கான தூரம். வசந்தனுக்குக் கேட்கவில்லை. பக்கத்துப் பற்றைக்குள் காவல் நின்ற சிப்பாய்க்குக் கேட்டது.

அந்தக் காலத்தில் தைவானில் ராணுவச் சட்டம். கடற்கரையில் நின்று தூரக்கண்ணாடியால் துறைமுகம் பார்த்து, தெரியாத பாஷையில் கப்பலுக்குக் கூப்பாடு போடுகிற கறுவலை என்னவென்று நினைப்பார்கள்? காவல் கொட்டிலுக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். மேசையில் என் பாஸ்போட், தூரக்கண்ணாடி, நான் மடித்து வைத்திருந்த வெற்றிலைச் சுருள். உளவாளிக்குப் போதுமான சாமான்கள். சிப்பாயைக் கண்டால் ஓடி ஒளிகிற நாட்டிலிருந்து வந்தவன் நான். சிரித்துக்கொண்டு இருந்தேன். இங்கே இரண்டு நாள் வைத்துவிட்டால் வசந்தன் போய்விடுவான் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

வெளியே கணவாய் சுட்டு விற்ற கிழவருக்கு அமெரிக்க மாலுமிகளிடம் பழகிய இங்கிலீசு கொஞ்சம் தெரியும். அவரைக் கூப்பிட்டார்கள்.

“அந்தக் கப்பலில் யார்?” கொட்டிலுக்குப் பொறுப்பான சார்ஜன் கேட்டதை அவர் மாற்றிச் சொன்னார்.

“என் மனைவியின் தம்பி.”

கிழவர் அதைச் சொன்னதும் சார்ஜன் பேனையைக் கீழே வைத்தான். பெருமூச்சு விட்டான். நீளமாக ஏதோ சொன்னான்.

“இவருக்கும் ஒன்று இருக்கிறதாம்,” என்றார் கிழவர். “மோட்டர்சைக்கிளைக் கொண்டு போனவன் இன்னும் வரவில்லையாம். ‘அவனுக்காக நான் இந்தத் தெருமுனை வரைக்கும் போக மாட்டேன், நீ கனடாவிலிருந்து வந்திருக்கிறாயே, உன் மனைவி பொல்லாதவளா’ என்று கேட்கிறார்.”

“ஓம் என்று சொல்லுங்கோ,” என்றேன்.

விட்டுவிட்டார்கள். தூரக்கண்ணாடி மட்டும் சார்ஜனிடம் நின்றுவிட்டது. இனி மொன்றியலில் அந்தக் கியுபெக் மனுசனுக்கு என்ன சொல்வது என்பது தனிக் கவலை.

*

“சும்மா இருந்து பைத்தியம் பிடிக்க வேண்டாம். தாமரைக்குளத்துக்குப் போய்க் கும்பிட்டு வா,” என்றாள் சென் அம்மா, மதியச் சாப்பாட்டுக்கு வந்த லின் வாயால். பிழையான பஸ்ஸில் ஏறி, சீமெந்துத் தொழிற்சாலை வாசலில் இறங்கி, அங்கே காவலாளி என்னை வேலை கேட்டு வந்தவன் என்று நினைத்து உள்ளே கூப்பிட, தப்பி ஓடி ஒருவழியாகக் குளத்துக்குப் போனேன்.

குளத்துக்குள் இரண்டு கோபுரம். இடது கைப்பக்கம் வாயைப் பிளந்த புலி, வலது பக்கம் வாயைப் பிளந்த சீன நாகம், டிராகன் என்பார்களே அது. ஒரு வாயால் உள்ளே போய் மற்ற வாயால் வெளியே வரவேண்டும். நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? கோயில் என்றால் இடது பக்கத்தில் தொடங்கி வலமாகச் சுற்றுவது. பக்தியோடு புலி வாய்க்குள் புகுந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னை இடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மரியாதை தெரியாத சனம் என்று நினைத்தபடி நாக வாயால் வெளியே வந்து, வசந்தனுக்காகத் தலையில் குட்டிக் கும்பிட்டேன்.

கடைக்குத் திரும்பிப் பெருமையாகச் சைகையில் காட்டினேன்: புலி, உள்ளே, நாகம், வெளியே. சென் அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. இராச் சாப்பாட்டுக்கு வந்திருந்த லின் பாக்கைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

“நாக வாயால் போய்ப் புலி வாயால் வந்தால் கெட்டது நல்லதாக மாறும். நீ மாறிப் போயிருக்கிறாய்.”

“அப்ப என்ன நடக்கும்?”

“நல்லது கெட்டதாக மாறும்.” கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “நாளைக்குப் படையல். வூ நாள் வைத்துவிட்டார். படையல் முடியக் கப்பல் உள்ளே வரும். பஸ் வாசலில் நிற்கும்,” என்றார்.

“லின், ஒரு ஆள்தானே.”

“கொம்பனி விதி.”

“அவன் செத்துப்போவான், லின்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாக்கு ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். நான் அதைத் தொடவில்லை.

*

மறுநாள் யார்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நடக்கக் கால் விடவில்லை. லாரிகள் கிளப்பின புழுதியெல்லாம் முகத்தில். நான் போன நேரம் தூரத்தில் அந்தக் கறுப்புக் கப்பலை இரண்டு இழுவைப் படகுகள் வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன. வாசலில் பஸ் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

யார்டு முற்றத்தில் நீளமாக மேசைகள். முழுப் பன்றி, முழுக் கோழி, பழம், மலைபோலச் சோறு, பிஸ்கட் பெட்டி, பியர், சிகரெட்டும் கூட. ஒவ்வொன்றிலும் ஊதுபத்தி. இரும்பு வெட்டுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். எனக்கு ஒரே யோசனைதான்: முதலாளி வூவின் காலில் விழுவது. ஆனால் ஒரு பெரிய மனுசனுக்கு முன்னால் இப்படிப் புழுதி முகத்தோடு போகலாமா?

அப்போதுதான் கண்டேன். மேசைகள் தொடங்குகிற இடத்தில், தாழ்வான ஒரு ஸ்டூலில், எனாமல் பேசின் நிறையத் தெளிந்த தண்ணீர். பக்கத்தில் மடித்த புதுத் துவாய். சின்னக் கண்ணாடி. புதுச் சீப்பு.

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கலியாண வீட்டுக்கு வருகிற ஆளுக்கு வாசலில் கால் கழுவச் செம்பில் தண்ணீர் வைக்கிற சாதி நாங்கள். சீமைக்கு வந்து அந்தப் பழக்கமே மறந்துபோயிற்று. மொன்றியலில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள். தண்ணீர் யார் வைப்பது? இந்த யார்டு முதலாளியிடம் பாருங்கள், துவாயும் சீப்பும் சேர்த்து! இப்படிப்பட்ட மனுசன் என் சொல்லைக் கேட்காமலா விடுவான்?

முகம் கழுவினேன். கழுத்து கழுவினேன். வாய் கொப்புளித்து நாகரிகமாக ஓரத்தில் துப்பினேன். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் காலையும் கழுவினேன். துவாயால் துடைத்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வகிடு எடுத்துத் தலை வாரினேன். வாரி முடித்துச் சீப்பைச் சட்டைப்பையில் செருகும்போதுதான் யார்டு முழுக்கச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

தள்ளி நின்ற மற்றக் கப்பலை வெட்டிய சுவாலைகளும் அணைந்திருந்தன. எல்லா முகமும் என் பக்கம். ஓர் ஆள் பின்னுக்கு நடந்தபடியே போனான். லின்னின் வாயில் பாக்கு அப்படியே நின்றது.

“அது,” என்றார் லின். “அது அவர்களுக்கு வைத்தது.”

“ஆருக்கு?”

“வந்திருக்கிறவர்களுக்கு. கடலில் செத்தவர்கள், ரோட்டில் செத்தவர்கள், படைக்க ஆளில்லாதவர்கள். தூரத்திலிருந்து வருகிறார்கள், முகம் கழுவிச் சாப்பிடட்டும் என்று வைப்பது. நீ அதில் காலைக் கழுவிவிட்டாய்.”

பேசினைப் பார்த்தேன். தண்ணீர் என் புழுதியால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. புலி வாயால் மாறிப் புகுந்ததன் பலன் இதுதான் என்று நினைத்தேன்.

முதலாளி வூ வந்தார். குட்டை மனுசன், பெரிய காது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, அது இன்னும் பயம். ஒரு பையிலிருந்து பிறை மாதிரி இரண்டு மரத்துண்டுகளை எடுத்தார். ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் உருண்டை. எங்கள் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பது மாதிரித்தான்: கேள்வி கேட்டு எறிவது. ஒன்று தட்டை, ஒன்று உருண்டை விழுந்தால் சம்மதம். இரண்டும் உருண்டை என்றால் இல்லை. இரண்டும் தட்டை மேலே விழுந்தால்…

விழுந்தது. இரண்டும் தட்டை.

“சிரிக்கிறார்கள்,” என்றார் லின் மெதுவாக.

“ஆர்?”

“அவர்கள்தான். கோபமா என்று கேட்டார். சிரிக்கிறார்கள்.”

வூ திரும்ப எறிந்தார். திரும்பவும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டிருக்கிறேன். பாடுபடாமல் சிரித்தவர்கள் இவர்கள்தான். ஆனால் யார்டில் உயிரோடு இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. கப்பலின் ஊதல் ஒரு தரம் கேட்டது. அது கிட்ட வந்துவிட்டது.

வூ என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“நீ யார், எதற்கு வந்தாய் என்கிறார்,” என்றார் லின்.

அந்த இடத்தில் பகிடி வரவில்லை. முதல் தடவையாக லின்னிடம் சொல்ல முடியாததைச் சொன்னேன். “அந்தக் கப்பலில என்ர மனைவியின்ர தம்பி இருக்கிறான். இங்கயிருந்து கொழும்புக்கு அனுப்பினால் அங்க ஆமி பிடிக்கும். எங்கட தெருவில இரண்டு பேர் அப்பிடிப் போனவை. உடம்பும் தரேல்லை. தாய்மார் படைக்கிறதோ விடுகிறதோ எண்டு தெரியாமல் இருக்கினம்.”

இதை அரைகுறை இங்கிலீசில்தான் சொன்னேன். லின் கேட்டு முடித்து வாயிலிருந்த பாக்கைத் துப்பினார். பிறகு வூவிடம் நீளமாகச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளம். என்ன சேர்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வூ பேசினைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு லின்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதை லின் எனக்கு மாற்றிச் சொன்னபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

“‘அவன் கடைசியாகக் கால் வைக்கிற இடம் என் யார்டு. இங்கிருந்து ஏற்றிச் சாக அனுப்பினால், ஆளில்லாமல் செத்தவன் அடுத்த வருஷம் எங்கே வருவான்’ என்று கேட்கிறார்.”

பதில் மேசையிலேயே இருந்தது.

வூ மரத்துண்டுகளைக் கைக்குள் வைத்து, கண்ணை மூடி, அவனை விடலாமா என்று அவர்களிடமே கேட்டு, மூன்றாம் தரம் எறிந்தார். ஒன்று தட்டையாக விழுந்தது. மற்றது உருண்டு, சோற்று மேசையின் காலில் முட்டி, ஆடி, ஆடி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

உருண்டை.

யார்டு முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. லின் மட்டும் இன்னும் “விதி” என்று ஏதோ முணுமுணுத்தார். வூ அவரிடம் ஒரே வரி சொன்னார். பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குத் தெரியவந்தது: “விதி எழுதினவனைக் கூட்டிக்கொண்டு வா, அடுத்த வருஷம் இந்தப் பேசினுக்குப் பக்கத்தில் அவனே நிற்கட்டும்.”

*

கப்பல் வந்து முட்டியது. பெரிய சத்தத்தில் மேசைச் சோறு நடுங்கியது. ஆட்கள் பெட்டியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கிரேக்கர், பிலிப்பினோக்கள். பஸ் நிறைந்துகொண்டு வந்தது. நான் ஏணியடியில் துவாயைத் தோளில் போட்டபடி நின்றேன். கடைசியில், ஒரு கையில் பெட்டி, மறுகையில் சுருட்டின நீலக்கட்டச் சாரத்தோடு ஒரு மெலிந்த பெடியன். என்னைப் பார்த்தான், தாண்டிப் போனான், நின்றான், திரும்பினான்.

“அத்தான்?”

“ஓமடா.”

“நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?”

“குளிச்சுக்கொண்டு நிண்டனான்,” என்றேன்.

கப்டன் பாஸ்போட்டுகளை லின்னிடம் கொடுத்தார். லின் அதில் ஒன்றை உருவி, எனக்கு நேரே நீட்டாமல், மேசையில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அதைப் படையல் எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்தேன். பஸ் எங்களை ஏற்றாமல் போனது. வாசலைத் தாண்டும்வரைக்கும் வசந்தன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நேரே அவனைக் கூட்டிக்கொண்டு போன ஹொங்கொங் கனேடிய அலுவலகத்தில், விசாவுக்கு எங்கள் முறை வர முதல் அவனைப் பார்த்தேன். கப்பல் காற்றில் தலை தேங்காய்ப் பொச்சு மாதிரி இருந்தது. சட்டைப்பையில் கைவிட்டால் அந்தச் சீப்பு. வாரிவிட்டேன். அந்த மாதம் யாரோ ஒருவர் தலை வாராமல் திரும்பியிருப்பார். சிரித்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்வார்கள்.

*

அடுத்த வருஷம் அதே பேய் மாதம். எங்கள் வீட்டுப் பின்பல்கனியில் கமலா ஒரு பேசினில் தண்ணீர் வைத்தாள். மடித்த துவாய், கண்ணாடி, புதுச் சீப்பு. பக்கத்தில் ஒரு தட்டில் சோறும் கறியும். எதிர்வீட்டு மனுசி எட்டிப் பார்த்து “போன்ஷூர்” சொல்லி, நாய் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். கமலா தெரிந்த பிரெஞ்சில் ஓம் என்றுவிட்டாள்.

வசந்தனுக்கு மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிற வேலை. பின்படியால் ஏறி வந்தான், தலை முழுக்கப் புழுதி, மேலெல்லாம் தக்காளி மணம். பேசினைக் கண்டதும் சந்தோசமாகக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான்.

“டேய், தொடாதை!” என்று கத்தினேன்.

கை தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது. “ஏன் அத்தான்? ஆருக்கு வைச்சது?”

“படைக்க ஆளில்லாதவைக்கு.”

தண்ணீரைப் பார்த்தான். சோற்றைப் பார்த்தான். குசினிக்குள் தனக்குச் சாப்பாடு சூடாக்குகிற தமக்கையைப் பார்த்தான்.

“அப்ப எனக்கில்லை,” என்று சொல்லிவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.